சோற்றைக் குறைக்கச் சொன்ன சீட்டு: சேரன்மகாதேவியும் நம் தட்டின் வரலாறும்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அங்கே நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அக்கா ஒருவருக்குக் கொஞ்ச நாளாகக் காலில் எரிச்சல். இரவில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 212. ‘சுகர்’ என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையோடு அச்சடித்த ஒரு சீட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். அதை எங்களிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார்.

சாப்பிட வேண்டியவை: ஓட்ஸ், கோதுமை பிரெட், பாதாம், ஆலிவ் எண்ணெய், ஆப்பிள், கிரீன் டீ. தவிர்க்க வேண்டியவை: அரிசிச் சோறு, இட்லி, தோசை, கஞ்சி, கருவாடு, மாட்டுக்கறி.

வாசித்து முடித்ததும் அக்கா சிரித்துவிட்டார். “திங்கச் சொன்னதுல ஒண்ணுகூட நம்ம வீட்டுல இல்ல தாயி. நம்ம வீட்டுல இருக்கதெல்லாம் திங்கக் கூடாதுங்க பக்கத்துல இருக்கு.”

அந்தச் சீட்டில் மருத்துவ ரீதியாகச் சரியான ஒரு விஷயம் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர் சோற்றின் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நம் தட்டு எப்படி இப்படி ஆனது, அதில் சோறு மட்டும் ஏன் குவிந்தது, வெஞ்சனம் ஏன் விரல் அளவாகச் சுருங்கியது என்று அந்தச் சீட்டு கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும். சேரன்மகாதேவி அதற்குப் பொருத்தமான ஊர். இந்த ஊரின் வரலாறே நெல்லும் பந்தியும்தான்.

நெல் விளைந்த ஊர், கஞ்சி குடித்த சேரி

தாமிரபரணியில் அணை கட்டித் திருப்பிய கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கமாக வந்து சேரன்மகாதேவி வயல்களுக்குப் பாய்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம். கல்வெட்டுகளில் இந்த ஊர் சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். திருநெல்வேலியின் வேளாண் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன், ஆற்றுப்பாசன நஞ்சையில் நிலமும் நீரும் பிராமண, வேளாள மிராசுதாரர்களின் கையில் இருந்ததையும், சேற்றில் இறங்கிய உழைப்பு பெரும்பாலும் பள்ளர்களுடையதாக இருந்ததையும் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆவணங்களில் பள்ளர், பறையர் என்று எழுதப்பட்ட நம் முன்னோர்களில் பலர் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட அடிமைகள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. நிலம் மட்டும் கைமாறவில்லை.

கூலி நெல்லாகவே கிடைத்தாலும், அந்த நெல் வீட்டில் சோறாகப் பொங்கப்பட்டது என்று அர்த்தமில்லை. உப்பு, மிளகாய், துணி, கடன் எல்லாவற்றுக்கும் அந்த நெல்லைத்தான் கொடுக்க வேண்டும். மிஞ்சியது கஞ்சி. ‘நெல்லுச் சோறு’ என்ற சொல்லை எங்கள் பாட்டிமார் சொல்லும் விதத்தைக் கேட்டால் விஷயம் புரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சாவு வீட்டுக்கும் உரிய சோறு அது. மற்ற நாட்களில் கம்பும் கேழ்வரகும் சோளமும் நொய்க்கஞ்சியும் நீராகாரமும். கூடவே வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன், வரப்புக் கீரை. இன்று ‘பாரம்பரிய உணவு’ என்று அழகான பொட்டலத்தில் விலை போட்டு விற்கப்படும் சிறுதானியம், அன்று நம்மை இழிவுபடுத்தச் சொல்லப்பட்ட ‘கூழு குடிக்கிறவன்’ என்ற வசவு.

அந்தக் கஞ்சித் தட்டை ஒரு பொற்காலமாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பசி இருந்தது, சத்துக்குறைவு இருந்தது. ஆனால் நிலம் நம்முடையதாக இல்லாதபோதும் வாய்க்காலும் வரப்பும் கொஞ்சம் புரதமும் கீரையும் தந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் அது தேவைப்படும்.

1925: ஒரே கூரை, இரண்டு பந்தி

இந்த ஊரின் பெயர் தமிழக அரசியல் வரலாற்றில் இடம்பெற்றதும் சாப்பாட்டால்தான். வ.வே.சு. ஐயர் 1922இன் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கி, பிறகு சேரன்மகாதேவிக்கு மாற்றினார். தேசியக் கல்வி, தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு என்று அறிவித்து நடந்த பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்திருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்ததும் பெரியாரும், வரதராஜுலு நாயுடுவும், எஸ். இராமநாதனும் எதிர்த்து எழுந்தார்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கப் பெரியார் மறுத்தார். 1925இல் இது காங்கிரசுக்குள் பெரும் புயலானது. அந்த ஜூன் மாதம், பாபநாசத்துக்கு மேலே உள்ள அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் வ.வே.சு. ஐயர் இறந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறினார்.

பள்ளிப் புத்தகமும் மேடைப் பேச்சும் இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றன. நாம் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். நமக்கு வந்து சேர்ந்த விவாதம் முழுவதும் பிராமணப் பிள்ளை, பிராமணரல்லாத பிள்ளை என்ற இரண்டு பந்திகளைப் பற்றியது. அந்தப் பந்திகளில் விழுந்த சோற்றுக்கு நாற்று நட்ட சேரியின் பிள்ளைகள் அந்த வாதத்தில் எங்கே இருக்கிறார்கள்? யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்று மாநிலமே பேசியது. யாருக்குச் சாப்பாடே இல்லை என்பது பேசப்படவில்லை. குருகுலப் போராட்டத்தின் மதிப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ‘சேர்ந்து சாப்பிடுதல்’ என்ற கேள்வியும் ‘என்ன சாப்பிடுகிறோம்’ என்ற கேள்வியும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

பந்திச் சண்டை 1925இல் முடிந்துவிடவும் இல்லை. 2018இல் அவினாசி வட்டத்தில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் தடுத்தார்கள். சமைக்கும் கையைப் பார்த்துச் சாப்பாட்டை மறுக்கும் சமூகத்தில், ‘உணவு தனிமனிதத் தேர்வு’ என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய்!

அரிசி நம் வீட்டுக்கு வந்த கதை

நெல்லுச் சோறு சேரிக்கு அன்றாடச் சோறாக வந்ததற்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கியது. 1960களின் நடுவில் அரிசிப் பஞ்சம். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்று சொன்ன அண்ணா, ஆட்சிக்கு வந்தபின் ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. இன்னொரு பக்கம் பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள் வயலுக்கு வந்தன. நம் பகுதியிலேயே அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘அம்பை 16’ வீடுவீடாகப் பரவியது. உரலில் குத்திய அரிசி போய், ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய அரிசி வந்தது.

ரேஷன் அரிசியை இழிவாகப் பேசுகிறவர்களிடம் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “இலவச அரிசியால் வேலைக்கு ஆள் வரவில்லை” என்று நிலக்காரர்கள் புலம்பியபோது, உண்மையில் நடந்தது வேறு. வீட்டில் அரிசி இருந்ததால், கேட்ட கூலி கிடைக்காவிட்டால் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் பலம் நம் பெண்களுக்கு முதன்முறையாக வந்தது. ரேஷன் அரிசி ஓர் உரிமை. அதை விட்டுக்கொடுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் அந்தப் பையில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். 4 பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி. ஒரு கிலோ துவரம்பருப்பு. ஒரு லிட்டர் பாமாயில். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு அரிசி சுமார் 167 கிராம், சர்க்கரை சுமார் 17 கிராம், பருப்பு வெறும் 8 கிராம். பருப்பைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரை! இதற்கிடையில் பூச்சிமருந்தில் வாய்க்கால் மீனும் வயல் நண்டும் அருகிவிட்டன. வரப்புக் கீரை களைக்கொல்லியில் கருகியது. வயிறு நிறைந்தது, வெஞ்சனம் போயிற்று. அக்காவின் தட்டு இப்படித்தான் உருவானது. அவருடைய வாய்க்கட்டுப்பாடு போதாததால் வந்ததல்ல.

பட்டினி கிடந்த உடம்பு

‘பணக்கார வியாதி’ என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட நோய், நாள் முழுக்கக் குனிந்து நடவு நடும் ஒல்லியான பெண்ணுக்கு எப்படி வருகிறது? இதற்கு அறிவியல் தரும் பதில்களில் ஒன்று வரலாற்றோடு தொடர்புடையது. 1944–45 குளிர்காலத்தில் நாஜிப் படைகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தில் பஞ்சம். அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. 1992இல் பிரிட்டனின் ஹேல்ஸும் பார்க்கரும், கருவில் சத்துக்குறைவைச் சந்தித்த உடம்பு சிக்கனத்துக்குப் பழகிக்கொள்கிறது, பின்னாளில் சாப்பாடு கூடும்போது தடுமாறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு, எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் அதிகமாகவும் இருப்பதைக் கண்டது.

இதை நம் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று முடிவு செய்தார். உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடினார். அரசு நமக்கு எழுதித் தந்த உணவுச் சீட்டுகளில் அதுவும் ஒன்று. அதிலும் தானியம் மட்டும்தான்! பருப்பு, காய்கறி, கறி பற்றிப் பேச்சில்லை. 1920களில் குன்னூரில் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டார உணவுகளைக் கொடுத்துப் பார்த்தபோது, தீட்டிய அரிசியை நம்பிய ‘மதராசி’ உணவைத் தின்ற எலிகளே மெலிந்து நின்றன. அது மதராசிகள் எல்லோரின் உணவல்ல, ஏழை மதராசியின் உணவு. தலைமுறை தலைமுறையாகத் தானியத்தை மட்டும் பார்த்த உடம்பு நம்முடையது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், வயது வந்தோரில் 11.4 சதவீதம். நோய் வந்தபின் ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்குப் போவதும், புண்ணான காலோடு சேற்றில் இறங்குவதும் யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

பாபாசாகேபும் சர்க்கரையும்

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: அண்ணல் அம்பேத்கர் சர்க்கரை நோயாளி. அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக இரவு பகலாக வேலை செய்த ஆண்டுகளில் நீரிழிவும் நரம்பு வலியும் அவரை வாட்டின. 1948 ஏப்ரல் 15 அன்று அவர் மணந்துகொண்ட சவிதா அம்பேத்கர் ஒரு மருத்துவர். கணவரின் இன்சுலினையும் உணவையும் அவரே கவனித்துக்கொண்டார். நீரிழிவாளருக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது 1922இல், டொராண்டோவில். அதற்கு முன் மருத்துவர்கள் தந்த சிகிச்சை பெரும்பாலும் பட்டினி உணவுதான்.

அதே 1948இல்தான் அம்பேத்கர் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை வெளியிட்டார். தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்ணும் பழக்கத்தின் மீதான வெறுப்போடு இணைத்து ஆராய்ந்த நூல் அது. சர்க்கரையை அளந்து சாப்பிட வேண்டியிருந்த மனிதர், சாப்பாட்டின் சாதியையும் அளந்து பார்த்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோதும் அவர் உடல் நலிந்துதான் இருந்தது. டிசம்பர் 6 அன்று மறைந்தார். போராட்டத்துக்காக உடம்பைக் கவனிக்காமல் விடுவது தியாகம் என்று நினைக்கும் இளம் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். அவருக்கு இன்னும் பத்து ஆண்டுகள் கிடைத்திருந்தால்?

நம் தட்டை நாமே எழுதுவோம்

அக்காவின் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, அரசு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரோடும் அக்காவோடும் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினோம். மருத்துவருக்குப் பதிலாக அல்ல, மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுவதற்காக.

தட்டை மனதால் நாலாகப் பிரிப்பது. பாதி கீரையும் காயும்: முருங்கைக்கீரை, தண்டங்கீரை, சுரைக்காய், புடலங்காய், வெண்டைக்காய். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் அல்லது கறி. மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் வெஞ்சனத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு. மத்தி, சாளை போன்ற விலை மலிந்த மீன் நல்லது. கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறியும் நல்ல புரதம், அதைத் தட்டிலிருந்து தள்ளச் சொல்வதில் மருத்துவத்தைவிட வேறு ஏதோ இருக்கிறது. கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

‘கேழ்வரகுக் கூழ் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்’ என்பது தவறு. மாவாக அரைத்துக் கரைத்த கூழும் சர்க்கரையை ஏற்றும். தீட்டிய தானியத்துக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் போதாது, தானியத்தின் மொத்த அளவு குறைந்து புரதம் கூட வேண்டும் என்பதையே 2025இல் வந்த ‘இண்டியாப்’ உணவு ஆய்வும் சொல்கிறது. வேலை இடத்தில் நாலு வேளை கிடைக்கும் சர்க்கரை டீ பசியை அடக்கும், ஆனால் நோயைக் கூட்டும். பாதிச் சர்க்கரை, பிறகு சர்க்கரையே இல்லாமல் என்று பழகலாம். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

மிக முக்கியமானது: மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக வெயிலில் இறங்கக் கூடாது. சில மாத்திரைகளால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். இரவில் காலைக் கழுவித் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவை மாற்றினோம் என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் தெருவுக்கு வருகிறதா? வராவிட்டால் மனு எழுதுங்கள்.

கேட்க வேண்டியவை

புதிய சீட்டை வாசித்துவிட்டு அக்கா கேட்டார்: “எல்லாஞ் சரி, இந்தக் கால் பங்குக்கு யாரு துட்டு தருவா?”

இதற்குப் பதில் அக்காவின் சமையலறையில் இல்லை. ரேஷனில் பருப்பை ஒரு கிலோவிலிருந்து கூட்ட வேண்டும், கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் சேர்க்க வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். அரிசியைப் பிடுங்காமல், கூடுதலாகப் பயறு கொடுத்துப் பார்க்கட்டும். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, காலை உணவுத் திட்டத்திலும் வர வேண்டும். கர்ப்பிணிகளின் தட்டில் இன்று சேரும் முட்டை, ஐம்பது ஆண்டு கழித்து வரக்கூடிய சர்க்கரை நோய்க்கான தடுப்பும்கூட. சத்துணவுக் கூடத்தில் தலித் கை சமைக்கும் உரிமையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. பஞ்சமி நிலத்தைக் கேட்கும்போது, அதில் ஒரு கீரைப் பாத்தியும் கோழிக்கூடும் சேர்த்தே நம் கண்ணில் தெரிய வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள். அம்மா கடைசியாக உட்காரும்போது சட்டியில் என்ன மிச்சம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பாட்டியிடம் அவர் சின்ன வயதில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். நம் தெருக்களின் வரலாற்றை அந்த இரண்டு பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தோம். வெறும் வயிற்றில் 138. இன்னும் குறைய வேண்டும். காலில் எரிச்சல் முழுதாகப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கைக் கம்பை ஊன்றியிருக்கிறார், துளிர்த்திருக்கிறது. அந்த இடத்துக்கு அவரிடம் பட்டா இல்லை. அடுத்த வாரம் அதற்காகத்தான் சார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம்.